ஊசிக்குக் கை நீட்டிய பிள்ளை

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் ‘பணி நிறைவு’ என்று ஒரு பகுதி வரும். எண்ணெய் நிறுவனங்களில் வாழ்நாள் முழுவதும் உழைத்துவிட்டு, இப்போது ஹூஸ்டனின் புறநகரான கேட்டியில் தோட்டம் போட்டுக் கறிவேப்பிலை வளர்க்கிற பெரியவர்கள் அதில் எழுதுவார்கள். மலரைத் தொகுப்பவர் இந்த முறை என்னைக் கேட்டார்.

“எனக்கு இன்னும் நாப்பதே ஆகலீங்க அங்கிள்,” என்றேன்.

“வேலைய விட்டாச்சா இல்லையா?”

“விட்டாச்சு.”

“திரும்பிப் போறதா ஐடியா இருக்கா?”

மடியில் இருந்த மகள் என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். எட்டினால் பிடுங்குவாள், பிடுங்கினால் கடிப்பாள். அது அவளுடைய தினசரி வேலை. “தெரியலீங்க,” என்றேன்.

“அப்ப ரிட்டயர்டுதாம்மா. எழுதிக் குடு.”

என்ன எழுதுவது என்று பல நாள் தயங்கினேன். முப்பது வருட அனுபவம் உள்ளவர்களின் பக்கத்தில் நான் உட்கார்வது சரியா என்று ஒரு யோசனை. எழுதினால் பெருமையடிப்பதுபோல் இருக்குமோ, எழுதாவிட்டால் அவர் வருத்தப்படுவாரோ என்று இன்னொன்று. அந்தச் சமயத்தில்தான் நித்யா கூப்பிட்டாள். நித்யா மருத்துவமனையில் என் குழுவில் கடைசியாகச் சேர்ந்த பெண். நான் விட்டுவந்த வேலையை இப்போது அவள்தான் பார்க்கிறாள்.

“அக்கா, புதுசா ஒரு ஏஐ மாடல் வந்திருக்கு. மானிட்டர்ல வர்ற டேட்டாவ வெச்சே பிள்ளைக்கு உடம்பு மோசமாகப் போறத முன்னாடியே சொல்லிடுது. அதனால அந்தக் கேள்விய எடுத்துடலாம்னு கமிட்டில பேசறாங்க. நர்ஸுங்களுக்கு டைம் மிச்சமாகும்ல? அந்தக் கேள்வி எப்படி வந்துச்சுன்னு இங்க இப்ப யாருக்கும் தெரியல. நீங்க கொஞ்சம் சொன்னீங்கன்னா நான் மீட்டிங்ல பேசுவேன்.”

அவள் சொன்ன கேள்வி எதுவென்று எனக்குத் தெரியும். அது எப்படி வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஈரோட்டில் பிறந்து, கோயம்புத்தூரில் கணினிப் பொறியியல் படித்து, கல்யாணமாகி ஹூஸ்டன் வந்தேன். கணவரின் விசாவைச் சார்ந்து வந்தவர்களுக்கு வேலை செய்ய அனுமதி கிடைக்காத காலம் ஒன்று எனக்கும் இருந்தது. அந்தக் காலத்தில் சும்மா இருக்க மனம் வராமல் மருத்துவத் தகவலியல் படித்தேன். வகுப்புக்குப் போகும்போது மகன் வயிற்றில் இருந்தான். பட்டம் வாங்கும்போது இடுப்பில் இருந்தான். அனுமதி வந்ததும் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்தது.

என் வேலையைப் பற்றி ஊரில் கேட்டால், “ஆஸ்பத்திரில கம்ப்யூட்டர் வேல” என்று அம்மா சொல்லிவிடுவார். அது தவறில்லை. ஆனால் அந்த வேலையின் நடுவில் ஒரு கேள்வி உண்டு. ஒரு மருத்துவரோ செவிலியரோ ஒரு பிள்ளையைப் பற்றி முடிவெடுக்கும் நேரத்தில், அவர்கள் கண் முன்னால் என்ன இருக்க வேண்டும்? எது முதலில், எது பிறகு? எந்தச் சொல்லில்? எதைக் காட்டாமல் விடுவது? இதற்குப் பதில் சொல்வதுதான் எங்கள் வேலை.

சேர்ந்த புதிதில் ஒரு திரையைக் காட்டினார்கள். ஒரு மாடியில் படுத்திருக்கும் பிள்ளைகள் எல்லோரும் அதில் வரி வரியாக இருந்தார்கள். பெயரில்லை. வயது, இதயத்துடிப்பு, மூச்சு, காய்ச்சல் மட்டும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்கள் மாறின. ஒரு வரியில் துடிப்பு ஏறியது, பிறகு தானாக இறங்கியது. “அழுதிருப்பான், யாரோ தூக்கியிருப்பாங்க,” என்றார் பக்கத்தில் இருந்தவர். எங்கோ ஒரு பிள்ளை அழுது அடங்கியதை இன்னொரு கட்டடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோயில் கருவறையில் தீபாராதனை காட்டும்போது வருமே, அந்தச் சிலிர்ப்பு. அந்த வேலையில் இருந்த காலம் முழுவதும் அது என்னை விட்டுப் போகவில்லை.

என் மேலதிகாரி டாக்டர் ரதினி. யாழ்ப்பாணத்துக்காரர். பிள்ளைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பல வருடம் இருந்துவிட்டுத் தகவல் அமைப்புப் பக்கம் வந்தவர். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை, காலில் ஓடுகிறவர்கள் போடும் ஷூ, நடை எப்போதும் வேகம். நான் தமிழ் என்று தெரிந்ததும் அவர் முதலில் சொன்னது இதுதான்: “அன்ரி எண்டு மட்டும் கூப்பிட்டுப்போடாதையும். இந்த ஊரில எல்லாற்றை அன்ரியும் நான்தான். இங்கயாவது டாக்டரா இருக்க விடும்.”

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. நாங்கள் ஓர் எச்சரிக்கை வாசகத்தை எழுதி எடுத்துக்கொண்டு போனால், அவர் அதைத் திரையில் பார்க்க மாட்டார். எழுந்து, கைக்கு எட்டிய கனமான பொருள் ஒன்றைத் தூக்கிக்கொள்வார். பெரும்பாலும் அச்சுத் தாள் பெட்டி. இரண்டு கையாலும் அதை ஏந்திக்கொண்டு எங்களுக்கு எதிரே நிற்பார்.

“ம். சொல்லும்.”

எழுதியதை அவருக்கு வாயால் சொல்ல வேண்டும். அவர் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். கேட்டவுடன் அவருக்கு என்ன செய்வதென்று விளங்க வேண்டும். நான் முதல் தடவை சொன்னபோது என் வாக்கியம் பாதிதான் போயிருந்தது.

“உம்மட வசனம் முடிய முதல் என்ர கை விழுந்துபோகும், பிள்ளை. இன்னும் எனக்கு என்ன செய்யிறதெண்டு நீர் சொல்லேல்ல. நான் ஒரு நேர்ஸ். என்ர கையில பாலும் மருந்தும் இருக்கு. பக்கத்துக் கட்டில்ல ஒருத்தன் சத்தி எடுக்கிறான். இப்ப நீர் வந்து என்னை மறிக்கிறீர். ஏன் மறிக்கிறீர்?”

வெட்டி வெட்டி நான்கு சொல்லுக்குக் கொண்டுவந்தேன். அப்போதும் பெட்டியை வைக்காமல், “இதைச் சிவப்பில போட்டிருக்கிறீரோ?” என்றார். ஆமாம் என்றேன். “சிவப்பு வேண்டாம். இந்தக் கட்டிடத்தில சிவப்பு இல்லாத இடம் எங்க இருக்கு, காட்டும் பாப்பம். அவையளுக்குக் கண் பழகிப்போச்சு.” அதற்குப் பிறகுதான் பெட்டி மேசைக்குப் போனது. எங்கள் குழுவில் இருந்த எல்லோரும் சொல்லிச் சொல்லிப் பார்த்துத்தான் அவர் அறைக்குள் நுழைவோம். மதிய உணவு வேளையில் ஒருவர் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு நிற்க, இன்னொருவர் எதிரே நின்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதைப் பார்த்து மற்றத் துறையினர் சிரிப்பார்கள்.

இரண்டாவது வழக்கம், பேசாமல் ஓடவிடுவது. புதிய எச்சரிக்கை எதையும் உடனே வார்டில் காட்ட மாட்டோம். பின்னால் ஓடும், கணக்குப் போடும், ஆனால் யாரிடமும் வாய் திறக்காது. மறுநாள் காலையில் நாங்கள் உட்கார்ந்து, அது எப்போதெல்லாம் பேச நினைத்தது, அப்போது அந்தப் பிள்ளைக்கு உண்மையில் என்ன நடந்தது என்று ஒப்பிடுவோம். தேவையில்லாமல் கத்தும் அமைப்பை யாரும் மதிக்க மாட்டார்கள். கத்த வேண்டிய நேரத்தில் கத்தாததை நம்பவும் முடியாது.

அந்த ஒப்பீடுகளில் என்னை வாயடைக்க வைத்த ஒன்று உண்டு. எங்கள் கணக்கு எச்சரிக்க நினைத்த நேரத்துக்கு முன்பே செவிலியர் மருத்துவரைக் கூப்பிட்டிருப்பார். எண்கள் எல்லாம் சரியாக இருக்கும். காரணம் எழுத வேண்டிய இடத்தில், ‘ஏதோ சரியில்லை’ என்று மட்டும் இருக்கும். அந்த ‘ஏதோ’ எது என்று டாக்டர் ரதினியிடம் கேட்டேன்.

“எனக்கும் தெரியாது. ஆனா அதை மதிக்காத டொக்டர் கன காலம் நிலைக்கிறேல்ல.”

கிருமி இரத்தத்தில் பரவி உடம்பு முழுவதும் தளர்ந்துபோகும் நிலையை முன்கூட்டியே பிடிப்பதற்காக நாங்கள் ஒரு மதிப்பெண் முறை செய்தோம். துடிப்பு, மூச்சு, தோலின் நிறம், பிள்ளை எப்படி இருக்கிறது என்ற நடத்தை, இவை ஒவ்வொன்றுக்கும் புள்ளி. விளையாடினால் பூச்சியம், இயல்பாகத் தூங்கினாலும் பூச்சியம். கடைசியாக ஒரு கட்டம்: ‘உங்கள் பிள்ளையைப் பற்றி ஏதாவது கவலை இருக்கிறதா?’ இதைச் செவிலியர் பிள்ளையைச் சோதிக்கும் ஒவ்வொரு முறையும் பெற்றோரிடம் கேட்க வேண்டும். ஆம் என்றால் ஒரு புள்ளி. மொத்தம் ஓர் எல்லையைத் தொட்டால் அவசரக் குழு வரும், மருந்துகள் தயாராகும். ஆங்கிலத்தில் அந்தக் கேள்வி கனிவாகத்தான் இருந்தது. மருத்துவர்கள் கூடி முடிவு செய்தது.

பேசாமல் ஓடும் காலம் முடிந்து, ஒரு வார்டில் மட்டும் அதைப் பேசவிட்டோம். செவிலியர்கள் அதை எப்படிக் கையாள்கிறார்கள் என்று பார்க்க என்னை அனுப்பினார்கள். பார்வையாளருக்கு விதி உண்டு. குடும்பத்தாரிடம் பேசக்கூடாது. சிகிச்சை பற்றிக் கருத்துச் சொல்லக்கூடாது. காதில் விழுவது வெளியே போகக்கூடாது. கையெழுத்துப் போட்டுத்தான் உள்ளே போனேன். இங்கே எழுதும் பெயர்களும் அடையாளங்களும் அதனால்தான் மாற்றப்பட்டவை.

அன்று நான் கூடவே சுற்றிய செவிலியர் டெனிஸ், டெக்சாஸ்காரர். மதிய நேரம். நான்கு வயதுப் பையன் ஒருவன், சர்வேஷ் என்று வைத்துக்கொள்கிறேன், காய்ச்சலும் வாந்தியுமாக வந்து சேர்ந்திருந்தான். கேட்டிக் குடும்பம். மருந்தும் திரவமும் ஏற்றியதில் காய்ச்சல் கொஞ்சம் குறைந்திருந்தது. மறுநாள் வீட்டுக்கு அனுப்பலாம் என்ற பேச்சும் இருந்தது. அவனிடம் இரத்தம் எடுத்தபோது நான் அறை வாசலில் சக்கர மேசை அருகே நின்றேன். அவன் கையை நீட்டிக்கொண்டு படுத்திருந்தான். ஊசி இறங்கியபோதும் கூரையைப் பார்த்தபடியே இருந்தான்.

“வாட் அ பிரேவ் பாய்,” என்றார் டெனிஸ். ஓர் ஒட்டுப்படம் கொடுத்தார். அவன் அம்மா சங்கீதா, “தேங்க் யூ, தேங்க் யூ சோ மச்,” என்று அதை வாங்கி அவன் சட்டையில் ஒட்டினார். டெனிஸ் கணினிப் பக்கம் திரும்பி, நான் வரைந்த திரையைத் திறந்து, நான் வைத்த வரிசையில் கேட்டுக்கொண்டே வந்து கடைசிக் கேள்விக்கு வந்தார். பிள்ளையைப் பற்றி ஏதாவது கவலை இருக்கிறதா?

“நோ, நோ. வி ஆர் ஃபைன். தேங்க் யூ.”

டெனிஸ் ‘இல்லை’ என்பதை அழுத்திவிட்டு அடுத்த அறைக்குப் போனார். நான் குறிப்பெழுதப் பின்தங்கினேன். சங்கீதா ஜன்னல் பக்கம் போய் ஃபோன் எடுத்தார். பக்கத்தில் யாருக்கும் புரியாது என்ற நினைப்பில் சாதாரணக் குரலில்தான் பேசினார். அது அவருடைய அக்கா என்று பிறகு தெரிந்தது.

“ஃபைன்னுதான் சொல்றாங்க அக்கா. ஆனா எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. ஐபேட் கூடக் கேக்கல. இப்ப ஊசி போட்டாங்க, கைய நீட்டிட்டுப் படுத்திருக்கான். நம்ம சர்வேஷ் ஊசிக்குக் கைய நீட்டுவானா? போன தடவ மூணு பேரு புடிச்சும் நர்ஸ உதைச்சான் ஞாபகம் இருக்கா? இவங்க குட் பாய்ங்கிறாங்க... அவன் குட் பாயா இருக்கறதுதான்க்கா எனக்கு பயமா இருக்கு.”

நான் குறிப்பெழுதுவதுபோல் நின்றேன். எதுவும் எழுதவில்லை.

என் மனம் அப்போது ஓடிய விதத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். நான் மருத்துவர் இல்லை. அடம்பிடிக்கிற பிள்ளையும் ஒருநாள் களைத்துப்போய்ச் சும்மா இருக்கலாம். என் மகனும் இருந்திருக்கிறான். இது ஒட்டுக் கேட்டது. பேசினால் விதியை மீறுவேன், வேலை போனால் திரும்பக் கிடைக்குமா, கிரீன் கார்டு வரிசையில் இருக்கும் வீட்டில் இதெல்லாம் தேவையா. நான் சொல்லி ஒன்றுமில்லாமல் போனால் அந்த அம்மாவுக்கு என் முன்னால் எவ்வளவு கூச்சமாக இருக்கும். இப்படி நினைத்துக்கொண்டே திரையைப் பார்த்தேன். துடிப்பு கொஞ்சம் அதிகம். காய்ச்சல் என்று அதற்குக் காரணம் போடப்பட்டிருந்தது. நடத்தை: அமைதியாக ஓய்வெடுக்கிறான், பூச்சியம். கவலை: இல்லை, பூச்சியம். எல்லைக்கு ஒரு புள்ளி கீழே நின்றது மதிப்பெண். அந்த ஒரு புள்ளி ஜன்னல் பக்கத்தில் தமிழில் பேசிக்கொண்டிருந்தது.

ஃபோனை வைத்ததும் பக்கத்தில் போனேன். “மன்னிச்சுக்கங்க. நீங்க பேசினது காதுல விழுந்துச்சு.”

அவர் பதறினார். “நீங்க தமிழா? அய்யோ, நான் இவங்களக் குறையா ஒண்ணும் சொல்லலீங்க. ரொம்ப நல்லாப் பாத்துக்கறாங்க.”

“தெரியுங்க. ஊசி விஷயத்த நர்ஸ்கிட்ட சொல்லுங்க.”

“அதப் போயி என்னன்னு சொல்றதுங்க? எம் புள்ள அழலேன்னா? ஏற்கனவே காலையிலிருந்து ரெண்டு தடவ கூப்பிட்டுட்டேன். அவங்க எவ்ளோ பிஸி. டாக்டருக்குத் தெரியாததா?” பிறகு மகனைப் பார்த்தார். அவன் ஒட்டுப்படத்தைக்கூடத் தொடாமல் படுத்திருந்தான். குரல் இறங்கியது. “நீங்க சொல்றீங்களா?”

நான் போய் டெனிஸை அழைத்தேன். என் வாயில் வந்தது, நான்கு சொல் இல்லாவிட்டாலும், ஒரே மூச்சில் சொல்லக்கூடியதாக இருந்தது: அவன் எப்போதும் ஊசிக்குச் சண்டை போடுகிற பிள்ளை, இன்று போடவில்லை, அம்மா பயப்படுகிறார். டெனிஸின் கையில் மருந்துத் தட்டு இருந்தது. அதைக் கீழே வைத்தார். நீ யார் இதைச் சொல்ல என்று கேட்கவில்லை. நேராக வந்து, சங்கீதாவின் முகத்துக்கு நேரே குனிந்து, “அவன் எப்போதும் எப்படி இருப்பான், எனக்குச் சொல்லுங்கள்,” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

சங்கீதா சொல்லத் தொடங்கினார். தயங்கித் தொடங்கியவர் பிறகு நிறுத்தவில்லை. டெனிஸ் கேட்டுக்கொண்டே பையனின் பாதத்தைத் தொட்டார். விரல் நகத்தை அழுத்தி விட்டார். வெளுத்த நகத்தில் இரத்தம் உடனே திரும்ப வேண்டும். மெல்ல, மிக மெல்லத்தான் திரும்பியது. டெனிஸ் கணினிக்குத் திரும்பி, நடத்தையை மாற்றினார், கவலைக் கட்டத்தை மாற்றினார்.

அதன் பிறகு நடந்ததை நான் எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் பிரமிப்பு அடங்குவதில்லை. திரையின் மேல் ஓரத்தில் மஞ்சள் பட்டை ஒன்று வந்தது. சத்தமில்லை. எங்கெங்கோ இருந்தவர்கள் வந்தார்கள். யாரும் ஓடவில்லை, ஆனால் யாரும் நிற்கவுமில்லை. ஒவ்வொருவருக்கும் கட்டிலைச் சுற்றி ஓர் இடம் இருந்தது. ஒருவர் பெரிய சிரிஞ்சில் திரவத்தைக் கையாலேயே உள்ளே தள்ளினார். ஒருவர் சங்கீதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, நடப்பதை ஒவ்வொன்றாக அவருக்குச் சொன்னார். மருத்துவர் மருந்துப் பக்கத்தைத் திறந்தார். பையனின் எடைக்கேற்ற அளவு முன்கூட்டியே நிரப்பப்பட்டுத் தயாராக இருந்தது. அந்த வரியை மேலே வைப்பதா கீழே வைப்பதா என்று நான் வாரக் கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறேன். அன்று மருத்துவரின் விரல் தேடாமல் அதன் மேல் இறங்கியது. வீட்டில் மகன் தூங்கியபின் நான் கோடும் கட்டமுமாக வரைந்த ஒன்றின் மேல் இத்தனை மனிதர்கள் நடந்து ஒரு பிள்ளையிடம் போய்ச் சேர்வதைப் பார்த்தேன். சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

அவனைத் தீவிர சிகிச்சைக்கு மாற்றினார்கள்.

மறுநாள் காலை டாக்டர் ரதினி கூப்பிட்டார். இரவெல்லாம் மனதுக்குள் ராஜினாமாக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். உள்ளே போனதும் அவர் எழுந்து தாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

“சொல்லும்.”

“அம்மாவுக்குத் தெரிஞ்சிருந்துச்சு டாக்டர். நாம கேட்டோம், அவங்க ஃபைன்னாங்க.”

பெட்டி இறங்கவில்லை. “ஏன் அப்பிடிச் சொன்னவ?”

“மரியாதைங்க டாக்டர். நல்லாப் பாத்துக்கறவங்ககிட்ட கவலைன்னு சொன்னா குறை சொல்ற மாதிரி ஆயிடும். நாங்கெல்லாம் அப்படித்தான் சொல்லுவோம்.”

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். சிலுவையை விரலால் உருட்டிக்கொண்டே, “நானும் அப்பிடித்தான் சொல்லியிருப்பன்,” என்றார். “டொக்டரா இருந்தும் சொல்லியிருப்பன்.”

விதியை மீறியதைப் பற்றி அவரே மேலே எழுதினார். பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் செவிலியரிடம் சொல்லலாம் என்று பார்வையாளர் விதியில் ஒரு வரி பிறகு சேர்ந்தது. ஆனால் அவர் என்னைப் பாராட்டவில்லை. நான் எதிர்பார்த்து நின்றது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“நேற்று நீர் அங்க நிண்டீர். நல்லது. நாளைக்கு யார் நிக்கிறது? ஒவ்வொரு கட்டிலுக்கும் தமிழ் தெரிஞ்ச ஒரு ஆளை வைக்கேலுமே? உம்மைப் போல வந்து நிக்கக்கூடிய ஒரு கேள்வியை எழுதும்.”

எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டியில் தமிழ்ப் பள்ளி நடக்கும்போது, வெளியே காத்திருக்கும் அம்மாக்களிடம் கேட்டுப் பார்த்தேன். பிள்ளை ஆஸ்பத்திரியில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், நர்ஸ் உங்களிடம் கவலை இருக்கிறதா என்று கேட்கிறார். எல்லோரும் ஒரே குரலில், “நோ நோ, ஆல் குட்.” ஒருவர் கூடவே, “வீட்டுக்காரர்தான் பேசுவாரு,” என்றார். சரி, இன்று உங்கள் பிள்ளை எப்போதையும்விட எதில் வேறாக இருக்கிறான் என்று கேட்டால்? ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள்.

“எம் பையன் சாப்பாட்டுக்கு சண்ட போடலேன்னா அன்னைக்கு ஜுரம்னு அர்த்தம்.”

“இவ கொலுசு சத்தம் கேக்கலேன்னா நான் எந்திரிச்சுப் போயிப் பாப்பேன்.”

“என் பெரியவன் ‘ப்ளீஸ்’ போட்டுப் பேசினா தெர்மாமீட்டர் எடுத்துருவேன்ங்க.”

பள்ளி விட்டுப் பிள்ளைகள் வந்து இழுத்தும் பேச்சு நிற்கவில்லை. இவ்வளவு நுட்பமான அறிவு ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது, அதைக் கேட்க நம்மிடம் ஒரு சரியான கேள்விகூட இல்லை என்று அந்தப் பார்க்கிங் லாட்டில் நின்று வியந்தேன். அவர்கள் சொல்வதைப் புகார் என்று நினைக்கவில்லை. பிள்ளையைப் பற்றிச் சொல்வது புகாராகுமா?

மருத்துவர்கள் குழுவில் எதிர்ப்பு வந்தது. நேரமாகும் என்றார்கள். ‘ஆம், இல்லை’ என்று பதில் வராத கேள்வியைக் கணினி எப்படி எண்ணும் என்றார்கள். டாக்டர் ரதினி என்னைத்தான் பேசவிட்டார். அவர் மூலையில் நின்றார், கையில் தாள் பெட்டியோடு. கடைசியில் அந்தக் கேள்வி திரையின் அடியிலிருந்து மேலே ஏறியது: இன்று உங்கள் பிள்ளை எதில் வேறாக இருக்கிறது? பதிலை அம்மாவின் சொல்லிலேயே எழுத ஓர் இடம். அதைக் கேட்டுவிட்டு, புள்ளி போடலாமா என்று செவிலியர் முடிவு செய்வார்.

சர்வேஷ் வீட்டுக்குப் போகும் நாளில் நான் வார்டில் இருந்தேன். கையிலிருந்த ஊசியை எடுக்க வந்தார் டெனிஸ். அறைக்குள்ளிருந்து ஓர் அலறல், ஒரு தட்டு விழும் சத்தம், பிறகு டெனிஸின் சிரிப்பு. சங்கீதா வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர். “உதைச்சுட்டான்ங்க,” என்றார். “நல்லா, வயித்துலயே உதைச்சுட்டான்.”

டாக்டர் ரதினி ஓய்வு பெற்றுப் போன பிறகும் சில வருடம் வேலை பார்த்தேன். மகள் மாதம் நிறையும் முன்பே பிறந்தாள். நுரையீரல் பலவீனம், டேகேர் வேண்டாம் என்றார்கள். வேலையை விட்டேன். சரியாகத்தான் செய்தேனா என்று இன்னும் சில காலைகளில் யோசிக்கிறேன்.

நித்யா பேசிய புதிய மாடலை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் அனுப்பிய விளக்கத்தைப் படித்தேன். துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையில் உள்ள மிகச் சிறிய வேறுபாட்டில் அது எதையோ கண்டுபிடிக்கிறது. படித்துவிட்டு, முதல் நாள் அந்தத் திரையின் முன் நின்றதுபோலவே சிலிர்த்தது. அது இருக்கும்போது என் கேள்வி தேவையா என்று எனக்கே நிச்சயமில்லாமல் இருந்தது. அவளுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் இருந்த அந்த வாரத்தில்தான் மகளுக்கு இருமல் வந்தது. அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அதே மருத்துவமனை. செவிலியர் புதியவர், என்னைத் தெரியாது.

மூச்சு எப்படி? “ஓகே.” பால் குடித்தாளா? “கொஞ்சம், ஃபைன்.” காரில் வரும்போது கணவரிடம் நான் அழுத அழுகை என்ன, இங்கே சொன்னது என்ன. என் வாய் தன் பாட்டுக்கு ஃபைன் ஃபைன் என்றது. தேங்க் யூ வேறு சொன்னேன். மானிட்டரில் எண்கள் நன்றாகவே இருந்தன. அப்போது அவர் திரையைப் பார்த்து அடுத்ததைக் கேட்டார்.

“வாட்ஸ் டிஃபரன்ட் அபௌட் ஹெர் டுடே?”

அதன் ஒவ்வொரு சொல்லுக்கும் நான் சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் அதுவரை என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. ஃபைன் என்று சொல்ல வாய் திறந்தேன்; அந்தக் கேள்விக்கு அது பதிலாகப் பொருந்தவில்லை. மகளைப் பார்த்தேன். என் மார்பில் சாய்ந்து, என் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள். கை எட்டும் தூரத்தில் என் முகம்.

“காலையிலிருந்து என் கண்ணாடியைப் பிடுங்கவில்லை,” என்றேன் ஆங்கிலத்தில். சொல்லும்போதே அசட்டுத்தனமாகத் தோன்றியது.

அந்தப் பெண் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். மகளின் பாதத்தைத் தொட்டார். “இன்னும் சொல்லுங்கள்,” என்றார். அன்று எங்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. நிமோனியா, ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம் என்று பிறகு மருத்துவர் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபின் நித்யாவைக் கூப்பிட்டேன். “கையில என்ன இருக்கு?”

“அரிசி மூட்டை அக்கா. ஹில்கிராஃப்ட்ல நம்ம ஊர்க் கடை வாசல்ல இருக்கேன், கார்ல ஏத்திட்டு இருக்கேன். ஏன்?”

“கீழ வைக்காம கேளு. எம் பொண்ணுக்கு ஒடம்பு சரியில்லேங்கறது எனக்குத் தெரிஞ்சிருக்கு. அந்தக் கேள்வி கேக்கற வரைக்கும், எனக்குத் தெரியும்ங்கறது எனக்கே தெரியல.”

மறுமுனையில் சாலை இரைச்சலுக்கு நடுவே தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது.

“மூட்டைய வெச்சுட்டேன் அக்கா,” என்றாள் நித்யா. “மீட்டிங்ல இத அப்படியே சொல்றேன்.”

இந்தக் கடைசிப் பத்தியை நான் திரையை மூக்கருகே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கண்ணாடி மகளின் வாயில் இருக்கிறது. பிழைகள் இருந்தால் மலர்க் குழுவினர் திருத்திக்கொள்ள வேண்டும். அவள் கையிலிருந்து அதைத் திரும்ப வாங்க இப்போதைக்கு எனக்கு மனமில்லை.